கண்டமான வண்டியும் நம் வேட்டையும்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே பக்கத்தில் நான் வெளியிட்ட ஒரு படத்தால் ஒரு வண்டி இடம்பெயர்ந்தது. அதைப் பற்றி எழுதும் கடன் எனக்கு உண்டு. தள்ளிப்போட்டது போதும் என்று இன்று எழுதுகிறேன். பதிவு நீளமானது, பொறுத்தருள்க.

பூவாரிலிருந்து உச்சக்கடை வழியாகப் பாறசாலை நோக்கிச் செல்லும் கிளைச்சாலைகளில், எல்லைப்புறப் பேச்சுவழக்கைப் பதிவு செய்வதற்காக நான் அலைந்த காலம் அது. ஒரு வீட்டின் பக்கவாட்டில், தென்னோலைச் சார்ப்பின் கீழ், மட்டடோர் பிக்கப் ஒன்று நின்றிருந்தது. எழுபதுகளின் கடைசியில் பதிவானது. பதிவெண் பலகையில் கே.எல்.டி. என்ற பழைய திருவனந்தபுரம் வரிசை இன்னும் படிக்கும் நிலையில் இருந்தது. பின்பெட்டி மட்டும் இரும்பு அன்று, மரம். படம் எடுத்தேன், ஊர்ப்பெயரையும் சேர்த்து வெளியிட்டேன். பலர் விரும்பினர், பலர் பகிர்ந்தனர். மூன்று வாரம் கழித்து மீண்டும் போனபோது சார்ப்பு மட்டும் இருந்தது.

பழைய வண்டிகளைத் தேடிச் சாலையோரங்களில் அலைவது இன்று ஒரு பெரும் ஆர்வமாக வளர்ந்திருக்கிறது. நெய்யாற்றின்கரை முதல் களியக்காவிளை வரையிலான தேசிய நெடுஞ்சாலையும் (நாம் நெடுங்காலம் 47 என்றழைத்து, இப்போது 66 என்றழைப்பது), விழிஞ்ஞம், பூவார், கொல்லங்கோடு வழியாகச் செல்லும் கடற்கரைச் சாலையும் இந்த வேட்டைக்கு நல்ல களங்கள். அமரவிளை, உதியன்குளங்கரை போன்ற இடங்களில் பழைய பட்டறைகளின் பின்புறத்தை எட்டிப் பார்த்தால் ஏதேனும் ஒன்று கண்ணில் படும். வில்லிஸ் வழிவந்த மகிந்திரா ஜீப், டெம்போ முச்சக்கர வண்டியின் எலும்புக்கூடு, மூக்கு நீண்ட பழைய பென்ஸ் லாரியின் முகப்பு என எதுவாகவும் இருக்கலாம். காரோடு வரை புதிய புறவழிச்சாலை வந்தபின் பழைய சாலையின் பட்டறைகள் பலவற்றுக்கு முன்னிருந்த வரத்து இல்லை. அவை கைமாறும்போதும் மூடப்படும்போதும் உள்ளே நின்றவை வெளியே வருகின்றன.

அமெரிக்காவில் இவ்வகைத் தேடலுக்கு ஒரு வரலாறே உண்டு. 1925ஆம் ஆண்டு ஃபோர்டு நிறுவனம் தன் டி மாடல் காரில் தொழிற்சாலையிலேயே பின்பெட்டி பொருத்தி விற்கத் தொடங்கியது. விலை 281 டாலர். அதற்கு முன் உழவர்கள் தாமே காரின் பின்பகுதியை அறுத்துப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தனர். அங்கே களஞ்சியங்களின் இருட்டில் எழுபது, எண்பது ஆண்டு உலராமலும் நனையாமலும் நின்ற வண்டிகள் இன்றும் கிடைக்கின்றன. நம் கடற்கரையில் அந்த வாய்ப்பு இல்லை. இரண்டு பருவமழையும் உப்புக்காற்றும் உள்ள ஊர் இது. உப்பு படிந்த தகடு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வண்ணம் ஓரிடத்தில் உரிந்தால் துரு அங்கிருந்து உள்ளே பரவும். எனவே இங்கே பிழைத்திருக்கும் ஒவ்வொரு வண்டியும் யாரோ ஒருவர் அக்கறையோடு காத்ததால் பிழைத்தது. தானாகப் பிழைத்தது எதுவும் இல்லை.

இந்த இடத்தில் என் துறையிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். ஓட்டத்துக்கு உதவாது என்று ஒதுக்கப்பட்ட வண்டியைத் தமிழ்நாட்டிலும் ‘கண்டம்’ என்கிறோம், கேரளத்திலும் ‘கண்டம்’ என்கிறார்கள். ‘பஸ்ஸைக் கண்டம் பண்ணிட்டாங்க’ என்ற தொடரைக் கேளாதவர் இரார். இதன் மூலம் ‘கண்டெம்ன்’ என்னும் ஆங்கில வினை. ஆனால் தமிழ்க் காதுக்கு அது அந்நியமாக ஒலிக்கவில்லை. துண்டு என்னும் பொருளில் நமக்கு ஏற்கெனவே ஒரு கண்டம் உண்டு. உயிருக்கு வரும் ஆபத்து என்னும் பொருளில் இன்னொரு கண்டமும் உண்டு. கண்டமான வண்டிக்கு ஆபத்தும் வந்துவிட்டது, அது துண்டுகளாகவும் போகப்போகிறது. வந்த சொல் இருந்த சொற்களின் மேல் பொருந்தி உட்கார்ந்துகொண்டது.

வண்டிகளின் பெயர்களும் அவ்வாறே. ‘டெம்போ’ ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து நிறுவனம் ஒன்றின் வணிகப் பெயர். 1958இல் பஜாஜ் டெம்போவாக இந்தியாவுக்கு வந்தது; 2005இல் அந்நிறுவனமே தன் பெயரை ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாற்றிக்கொண்டது. ஆயினும் குமரி மாவட்டத்தில் இன்றும் ‘டெம்போ’ என்றால் சரக்கேற்றும் நடுத்தர வண்டி. அதை எந்த நிறுவனம் செய்திருந்தாலும் சரி. அசோக் லேலண்டின் ஒரு மாடல் பெயரான ‘டாரஸ்’ பல அச்சுள்ள லாரிகள் அனைத்துக்கும் பொதுப்பெயராகிவிட்டது. டாட்டாவுக்கும் டைம்லர் பென்ஸுக்கும் 1954இல் ஏற்பட்ட தொழில் உறவு 1969இல் முடிந்தது. ‘பென்ஸ் லாரி’ என்ற வழக்கு அதன்பின் பல்லாண்டு நீடித்தது. 2005இல் வந்த டாட்டா ஏஸ் ‘குட்டியானை’ ஆயிற்று. ‘பிக்கப்’ என்பது பெட்டியுள்ள வண்டியையும் குறிக்கிறது, வண்டியின் முடுக்கத்தையும் குறிக்கிறது. ஆகவே ‘இந்தப் பிக்கப்புக்குப் பிக்கப் இல்லை’ என்பது இலக்கணப் பிழையற்ற வாக்கியம்.

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. வெளியிலிருந்து வந்த ஒன்றை ஒரு வட்டாரம் தன் தேவைக்கு ஏற்பத் திருத்தித் தன்னுடையதாக்கிக்கொள்ளும் முறை சொல்லிலும் வண்டியிலும் ஒன்றே. 1938 பிப்ரவரி 20 அன்று திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்து தொடங்கியபோது இங்கிலாந்திலிருந்து வந்தவை அடிச்சட்டமும் பெர்கின்ஸ் டீசல் எஞ்சினும்தாம். பேருந்தின் உடலை இங்கேயே கட்டினார்கள். லாரிகளின் நிலையும் பெரும்பாலும் இதுவே. நிறுவனம் விற்பது சேசிஸ். ‘பாடி கட்டுவது’ உள்ளூர்ப் பட்டறை. யாழ்ப்பாணத்துத் தட்டிவானும் இந்த வகையைச் சேர்ந்ததே. பழைய வெளிநாட்டு அடிச்சட்டத்தின் மேல் பலகையால் கட்டிய உடல். ஆளையும் மூட்டையையும் ஒருங்கே ஏற்றிக் கொடிகாமம்–பருத்தித்துறைச் சாலையில் ஓடிய வண்டி. எரிபொருள் தடைப்பட்ட போர்க்காலத்தில் அந்தத் தீபகற்பத்தின் பழைய பெட்ரோல் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. அந்த வண்டிகளில் எதை ‘அசல்’ என்பது?

இனி, நான் படமெடுத்த வண்டிக்கு வருகிறேன்.

காலியான சார்ப்பின் முன் நின்றபோது உரிமையாளரான முதியவர் வெளியே வந்தார். நான் அவரைப் ‘பாட்டா’ என்றே அழைப்பது வழக்கம். கோபம் ஏதும் இல்லை. உட்காரச் சொல்லி, கட்டன்சாயா கொடுத்து, நடந்ததைச் சொன்னார். என் படத்தைப் பார்த்த இருவர் வந்திருக்கிறார்கள். ‘இது எப்படியும் ஆக்ரிக்குத்தானே போகும்’ என்று சொல்லி, பழைய இரும்பின் எடைக்கணக்கில் விலை பேசியிருக்கிறார்கள். வீட்டில் மருத்துவச் செலவு இருந்த நேரம். கொடுத்துவிட்டார். சில மாதங்கள் கழித்து அதே வண்டி, வேறொரு மாவட்டத்தில் ஒரு விடுதியின் முற்றத்தில், பளபளக்கும் வெளிர்நீல வண்ணத்தில் நிற்கும் படம் எனக்கு வந்தது. இடையில் அது எத்தனை கை மாறியது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. முதலில் கொடுத்த விலைக்கும் கடைசியில் பெற்ற விலைக்கும் இடையே இருந்த தொலைவு பாட்டாவின் வீட்டுக்கு எட்டவில்லை என்பது மட்டும் உறுதி.

புதிய படத்தில் மரப்பெட்டி இல்லை. அதன் இடத்தில் தொழிற்சாலை வடிவத்தைப் பார்த்துச் செய்த புதிய இரும்புப் பெட்டி இருந்தது. படத்தின் கீழே ‘முழுமையாக அசல் நிலைக்கு மீட்கப்பட்டது’ என்ற பெருமிதக் குறிப்பு.

அந்த மரப்பெட்டியின் கதையைப் பாட்டா முன்பே எனக்குச் சொல்லியிருந்தார். மீனும் உப்புநீரும் அரித்து இரும்புப் பெட்டி சில ஆண்டுகளிலேயே ஓட்டையாகிவிட்டது. பொழியூர்ப் பக்கம் வள்ளம் செய்யும் ஆசாரி ஒருவரை அழைத்து ஆஞ்சிலிப் பலகையில் பெட்டி கட்டச் சொன்னார். தண்ணீர் வடிய வள்ளத்தில் செய்வதைப் போலவே அடிப்பலகையில் சரிவு வைத்திருந்தார் ஆசாரி. பின்கதவின் உட்புறத்தில் யார் யார் எத்தனை கூடை ஏற்றினார்கள் என்பதற்கான கோடுகள், தமிழும் மலையாளமுமாகச் சில பெயர்கள். விடியுமுன் கரையிலிருந்து மீன்காரப் பெண்களை ஏற்றிக்கொண்டு களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் போய், வெயில் ஏறும்போது திரும்பிய வண்டி அது. ‘மட்டடோர் என்ன ஆனது?’ என்று நான் கேட்டபோது அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: “மட்டடோர் இல்ல மக்களே. அது எங்களுக்க வண்டி.”

‘எங்களுக்க’ என்ற அந்த வேற்றுமை வடிவம் எங்கள் பகுதிக்கு உரியது. எழுத்துத் தமிழில் ‘எங்களுடைய’. பள்ளியில் இதைப் பிழை என்று திருத்துவார்கள். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. எல்லைக் கோட்டின் இருபுறமும் பேசப்படும் வழக்கை, அங்கிருப்போர் கெட்ட தமிழ் என்றும் இங்கிருப்போர் கெட்ட மலையாளம் என்றும் சொல்லி வந்திருக்கிறார்கள். ஒரு மொழிக்குத் தூய ஆதி வடிவம் ஒன்று இருந்தது, அதிலிருந்து விலகியவை எல்லாம் சிதைவு என்பது அந்தப் பார்வை. மொழியியல் படிக்க வந்த முதல் ஆண்டிலேயே அதைக் கைவிடக் கற்றுக்கொடுத்தார்கள். விலகல்தான் வரலாறு, எங்கே, யாரால், எதன் பொருட்டு மாறியது என்பதே ஆய்வுக்குரிய செய்தி. அந்த ஆசாரியின் பெட்டியை அகற்றிவிட்டு ‘அசல்’ என்று இரும்பைப் பொருத்தியவர்கள், ஒரு வட்டார வழக்கை முழுவதும் அடித்துவிட்டுப் பாடநூல் வாக்கியத்தை எழுதிவைத்த ஆசிரியரைப் போன்றவர்கள். எழுதியது சரியான வாக்கியமாக இருக்கலாம். ஆனால் அதை அங்கே யாரும் பேசியதில்லை.

தனிமனிதர்களை மட்டும் குறைசொல்வது நியாயமன்று. சட்டமும் இதே பார்வையில்தான் நிற்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் ‘விண்டேஜ்’ வண்டிகளுக்கெனத் தனி ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். அசல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். பெரிய மாற்றம் எதுவும் செய்யப்பட்டிருக்கக் கூடாது. வணிகப் பயன்பாடு கூடாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சி, ஆய்வு, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்காக மட்டுமே சாலையில் இறக்கலாம். அரண்மனைக் கொட்டகையில் நின்ற காருக்கு இந்த அளவுகோல் பொருந்தும். நாற்பது ஆண்டு மீன் சுமந்த வண்டிக்கு இதில் எந்த நிபந்தனை பொருந்தும்? உழைப்பே அதன் வாழ்வு. மாற்றமே அது பிழைத்த வழி.

மறுபுறம், 15 ஆண்டு கடந்த வண்டிகளின் மேல் சுமை ஏறிக்கொண்டே இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் பழைய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. பழைய லாரியின் தகுதிச் சான்றுக் கட்டணம் 1,500இலிருந்து 12,500 ஆயிற்று. எண்ணிப் பாருங்கள்: 15 வயதில் ஒரு வண்டி முதுமை எய்திவிடுகிறது, 50 வயதில்தான் அது தொன்மை எய்துகிறது. இடைப்பட்ட 35 ஆண்டு அதை யார் வைத்துக் காப்பது? நிலமும் கொட்டகையும் கையில் பணமும் உள்ளவரால் முடியும். மற்றவரின் வண்டி கண்டமாகும். ஐம்பது ஆண்டு கழித்து நம் பாரம்பரியம் என்று எஞ்சப்போவது செல்வர் வீட்டுக் கார்கள் மட்டுமே.

இங்கே மூன்று மறுப்புகள் எழும். அவற்றை எதிர்கொள்ளாமல் போவது முறையன்று.

முதலாவது, பழைய டீசல் வண்டிகள் புகை கக்குகின்றன, தடை பிடிப்பதில்லை, அவை சாலையை விட்டுப் போவதே நல்லது என்பது. உண்மை. அவற்றைச் சாலையில் ஓட விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. வண்டியை மாற்றியமைப்பதில் கட்டுப்பாடு வேண்டும் என்பதையும் மறுக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை முன்வைத்து, கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே தீர்ப்பளித்திருக்கிறது. ஓடும் வண்டிக்கு அந்த நெறி பொருந்தட்டும். ஓட்டம் நின்ற வண்டியின் மதிப்பை அளக்க அதே அளவுகோலைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே என் வாதம்.

இரண்டாவது, ஆர்வலர்கள் எடுக்காவிட்டால் அது உலைக்களத்துக்குத்தான் போயிருக்கும் என்பது. இதிலும் உண்மை உண்டு. சொந்தக் காசைச் செலவிட்டு, கிடைக்காத உதிரிபாகத்துக்காக ஊர் ஊராய் அலைந்து வண்டிகளைக் காத்த பலரை அறிவேன்; அவர்களை வணங்குகிறேன். ஆனால் காப்பாற்றுவது என்பது இரும்பை மட்டும் காப்பாற்றுவதன்று. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடியவர். அந்த வேட்டையில் அவர் எந்த ஏடு எங்கிருந்து, யாரிடமிருந்து கிடைத்தது என்பதைத் தம் முன்னுரைகளில் பதிந்து வைத்தார். கொடுத்தவரின் பெயர் அழிந்தால் பொருளின் வரலாறும் பாதி அழியும். விடுதி முற்றத்தில் நிற்கும் அந்த வண்டியின் அருகே பூவார் என்ற பெயர்கூட இல்லை.

மூன்றாவது, வறுமையில் இருப்பவருக்குப் பணம் முக்கியமா, உங்கள் ஏக்கம் முக்கியமா என்பது. பணமே முக்கியம். எனவேதான் சரியான விலை அவருக்குத் தெரிய வேண்டும் என்கிறேன். பாட்டா விற்றது தவறன்று. இரும்பு விலைக்கு விற்க வைத்ததே தவறு. அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு. ஒருவருடைய பேச்சை ஒலிப்பதிவு செய்வதற்கு முன் அவருடைய இசைவைப் பெற வேண்டும் என்று கள ஆய்வில் எங்களுக்குக் கற்பிக்கிறார்கள். அதை ஒழுங்காகக் கடைப்பிடித்த நான், அவர் வீட்டு வண்டியின் இருப்பிடத்தை ஊரறியச் செய்யுமுன் ஒரு சொல் கேட்கவில்லை. ‘வண்டிதானே’ என்று நினைத்தேன்.

ஆகவே, இத்துறையில் ஆர்வம் கொண்ட நண்பர்களிடம் சில வேண்டுகோள்கள்.

சாலையோரத்தில் ஒரு பழைய வண்டியைக் கண்டால், உரிமையாளரின் இசைவின்றி இடத்தை வெளியிடாதீர்கள். விலை கேட்க வந்தால், அத்தகைய வண்டி சந்தையில் என்ன விலை போகிறது என்பதை அவருக்கு முதலில் சொல்லுங்கள். அதன்பின் பேரம் பேசுங்கள். வண்டியை நகர்த்துமுன் அது ஓடிய வழி, ஏற்றிய சுமை, கட்டிய ஆசாரி, ஓட்டியவர், அவர்கள் அதை அழைத்த பெயர் ஆகியவற்றை உரிமையாளரின் குரலிலேயே பதிவு செய்யுங்கள். கைப்பேசி போதும், ஒரு மணிநேரம் போதும். பின்னர் சேர்க்கப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக எதையும் அகற்றாதீர்கள். அகற்றியே ஆகவேண்டுமென்றால் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

அரசிடம் கேட்பதும் பெரிதன்று. சாலையில் ஓடாது என்ற உறுதிமொழியோடு, 15 ஆண்டு கடந்த சரக்கு வண்டிகளையும் குறைந்த கட்டணத்தில் ‘பேணப்படும் வண்டி’ என்று பதிந்துகொள்ளும் ஒரு வகை வேண்டும். ‘அசல் வடிவம்’ என்ற தொடருக்கு, உள்ளூரில் கட்டப்பட்ட உடலும் உட்படும் என்ற விளக்கம் வேண்டும். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவின் பெயரோடு கார் அருங்காட்சியகம் இருக்கிறது. அரியானாவில் தாவுருவில் போக்குவரத்துப் பாரம்பரிய அருங்காட்சியகம் இருக்கிறது. அவ்வளவு பெரிதாக வேண்டாம். மீன்பிடித் துறைமுகத்தின் ஓரத்தில், நெடுஞ்சாலைச் சந்தையின் மூலையில், ஒரு கூரையும் ஒரு வண்டியும் அதன் கதையை இருமொழியிலும் சொல்லும் ஒரு பலகையும் போதும்.

சென்ற மாதம் பாட்டாவைப் பார்க்கப் போனேன். சார்ப்பின் கீழ் இப்போது விறகு அடுக்கியிருக்கிறார்கள். ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து, இம்முறை இசைவு கேட்டு, வண்டியைப் பற்றி மட்டும் பேசச் சொன்னேன். இரண்டே கால் மணிநேரம் பேசினார். அந்தப் பதிவில் நான் இதற்குமுன் எங்கும் கேட்டிராத பதினொரு சொற்கள் இருந்தன. எல்லாம் மீன்கூடையை அடுக்குவதையும் கட்டுவதையும் பற்றியவை. வண்டி நின்றிருந்தபோதே கேட்டிருந்தால், ஒவ்வொன்றையும் அந்தப் பெட்டியில் கைவைத்துக் காட்டியிருப்பார். இப்போது காற்றில் கைவீசிக் காட்டினார். பாதிதான் எனக்குப் புரிந்தது.

அந்த வண்டியை இப்போது வைத்திருப்பவர் இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு விண்ணப்பம்: கழற்றிய மரப்பெட்டி எங்கேனும் கிடந்தால் எரித்துவிடாதீர்கள். எனக்கு எழுதுங்கள். ஏற்றுகூலி கொடுத்து நானே வந்து எடுத்துப்போகிறேன். விறகை ஒதுக்கி இடம் வைத்துத் தருவதாகப் பாட்டா சொல்லியிருக்கிறார்.